வெண்ணெய்நல்லூர் அவை கேட்காத கேள்வி

(திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்யப்பட்டது.)



கம்பனைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊர் இது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்காத வள்ளலின் ஊருக்கு வந்து, கொடுத்ததைத் திருப்பி வாங்குவது எப்படி என்று பேசுவதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தமிழ் இலக்கியம் பதிவு செய்திருக்கிற ஆவண வழக்குகளில் மிகச் சுவையானது இந்த ஊர் அவையில்தான் நடந்தது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. இன்று அதைப் பக்திக் கண்ணை ஒதுக்கிவிட்டு, சாட்சியச் சட்டம் சொல்லிக் கொடுக்கிற ஒரு வாத்தியாரின் கண்ணால் பார்க்கப் போகிறேன்.

புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, “இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது” என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது, அவையில் காட்டுகிறேன் என்கிறார். வழக்கு இங்கே வருகிறது. அவையோர் எடுத்த எடுப்பில் ஓலையை நம்பிவிடவில்லை. அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது உலக வழக்கில் இல்லையே என்று ஐயப்படுகிறார்கள். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். அதாவது அனுபவம், எழுத்து, சாட்சி. கிழவரோ, இதையும் அவன் கிழிக்காமல் பார்த்துக்கொள்வீர்களா என்று உறுதி கேட்டுக்கொண்ட பிறகே மூலத்தைக் கொடுக்கிறார். கரணத்தான் வாங்கிப் படிக்கிறான். சாட்சிகளின் கையெழுத்தைச் சரிபார்க்கிறார்கள். பாட்டன் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிடுகிறார்கள். ஒத்துப் போகிறது. தீர்ப்பு கிழவருக்கு.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை எழுதியிருக்கிறார். மூலம் வேறு, நகல் வேறு; ஆவணத்தின் பாதுகாப்பு; சாட்சிக் கையெழுத்து; ஒப்புக்கொண்ட எழுத்தோடு ஒப்பீடு. இன்று சட்டக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிற பாடம் இது. குறை சொல்ல இடமே இல்லை, ஒன்றைத் தவிர. பாட்டன் எதைப் பெற்றுக்கொண்டு அப்படி எழுதிக் கொடுத்தார்? கைம்மாறு என்ன? ஓலையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமக்குத் தேவாரத்தில் சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறை கிடைக்காமல் போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

இன்றைய காசோலை வழக்கும் அந்த ஓலையைப் போலக் கையெழுத்தில்தான் தொடங்குகிறது. கையெழுத்துக்குச் சட்டம் மிகப் பெரிய மதிப்பைக் கொடுக்கிறது. ஆனால் நீதிமன்றம் அதோடு நின்றுவிடுவதில்லை. இந்த ஊர் அவை கேட்காமல் விட்ட கேள்வியையும் கேட்கிறது: இந்தச் செக் எதற்காகக் கொடுக்கப்பட்டது? கையெழுத்தை மட்டும் நம்பி வருகிறவர் தோற்பதும், கையெழுத்தோடு கணக்கையும் கொண்டு வருகிறவர் ஜெயிப்பதும் இந்தக் கேள்வியால்தான். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

1. சட்டம் வந்த வழி

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-இல் வந்தது. அதில் செக் திரும்பினால் தண்டனை என்று அப்போது எதுவும் கிடையாது. பணம் வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். கிரிமினலாகப் போக வேண்டுமானால் ஏமாற்றுக் குற்றம், அதாவது அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 420. அதற்குச் செக் கொடுத்த அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஒருவர் மனசுக்குள் அன்று என்ன இருந்தது என்பதை எப்படிக் காட்டுவது? பெரும்பாலான வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

1988-இல் திருத்தம் கொண்டுவந்து, 1989 ஏப்ரல் 1 முதல் 138-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஒரு சின்னத் தகவல். 138, 139 என்ற எண்களில் முதலில் இருந்தது நோட்டரிகளைப் பற்றிய பிரிவுகள். 1952-இல் நோட்டரிகளுக்குத் தனிச் சட்டம் வந்ததும் அவை நீக்கப்பட்டு, எண்கள் காலியாகக் கிடந்தன. அந்தக் காலி மனையில் கட்டிய வீட்டுக்குத்தான் இன்று நாட்டிலேயே அதிகக் கூட்டம். 2019 டிசம்பர் 31 நிலவரப்படி நாட்டில் நிலுவையிலிருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் செக் வழக்குகள் என்ற கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2021 ஏப்ரலில் இதற்கென்றே வழிமுறைகள் வகுத்தது.

புதிய பிரிவில் மனசைத் தேட வேண்டியதில்லை. கடனுக்காகக் கொடுத்த செக் திரும்பியது, எழுத்து மூலம் கேட்டும் 15 நாளில் பணம் வரவில்லை. குற்றம் ஆகிவிட்டது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

2. நாள் கணக்கு

கடன் நியாயமானது, செக் உண்மையானது, எதிராளி ஏமாற்றுக்காரர் என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் ஒரு நாள் பிந்தியதால் போன வழக்குகள் ஏராளம். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு விவசாயி 100 மூட்டை நெல் போட்டார். வியாபாரி 1,60,000 ரூபாய்க்கு, 2026 ஜனவரி 10 தேதியிட்டுச் செக் கொடுத்தார். “கொஞ்ச நாள் கழித்துப் போடுங்க” என்றார். செக்குக்கு ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம். முன்பு 6 மாதமாக இருந்தது. 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி குறைத்துவிட்டது. இன்றும் 6 மாதம் என்று நினைத்து பீரோவில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

விவசாயி தன் கணக்கில் செக்கைப் போடுகிறார். பிப்ரவரி 3 அன்று வங்கி ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறது. ரிட்டர்ன் மெமோ. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். செக் எண், தொகை, தேதி, அதற்குக் கீழே ஒரு காரணம்: பணம் போதவில்லை, கணக்கு முடிக்கப்பட்டது, கையெழுத்து வேறுபடுகிறது, பணம் கொடுக்க வேண்டாம் என்று கணக்குதாரர் சொல்லியிருக்கிறார். அந்தச் சீட்டில் வங்கியின் முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரையிட்ட மெமோவை நீதிமன்றம் சான்றாக ஏற்க வேண்டும் என்று 146-ஆம் பிரிவு சொல்கிறது. வங்கி மேலாளரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கிற செலவு மிச்சம்.

காரணம் எது என்று பார்த்து மனம் தளர வேண்டாம். கணக்கையே மூடியிருந்தாலும் இந்தப் பிரிவு பாயும் என்று 1999-இல் சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. மைக்கான் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் போட்டுத் தப்புவது 2012-இல் லட்சுமி டைகெம் வழக்கோடு முடிந்தது.

இனி எண்ணுங்கள். வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பிப்ரவரி 3 கிடைத்தது. அந்த நாளை விட்டு எண்ணினால் மார்ச் 5 கடைசி. மெமோவைக் கையில் வாங்கிய நாள் வேறு, செல்போனில் குறுஞ்செய்தி வந்த நாள் வேறு என்றால், முந்தியதிலிருந்து எண்ணுங்கள். வாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து செக்குகள் நாள் முழுக்கத் தொடர்ந்து தீர்வாகின்றன. காலையில் போட்டது சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுகிறது. தகவல் எப்போது வந்தது என்பதில் மழுப்ப முடியாது.

விவசாயி பிப்ரவரி 16 அன்று நோட்டீஸ் அனுப்பினார், 19-ஆம் தேதி வியாபாரிக்குக் கிடைத்தது என்று வையுங்கள். பணம் கட்ட அவருக்கு 15 நாள்: மார்ச் 6 வரை. அதுவரை வழக்குப் போடக் கூடாது. 15 நாள் முடியும் முன் போட்ட புகார் செல்லாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்மானமாகச் சொன்னது. மார்ச் 7 அன்று வழக்குரிமை பிறக்கிறது. அந்த நாளை விட்டு ஒரு மாதம், அதாவது ஏப்ரல் 7-க்குள் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டும். இந்த ஒரு மாதம் தவறினால், தக்க காரணம் காட்டித் தாமத மனு போடலாம். 2002 திருத்தம் அந்த வழியைத் திறந்தது. நோட்டீஸுக்கான 30 நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அந்த 30 நாள் போனால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. செக்கின் 3 மாத ஆயுளுக்குள் மறுபடியும் வங்கியில் போடலாம். திரும்பினால் புதிதாக நோட்டீஸ். இந்த உரிமை நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் நிலைபெற்றது. 10 லட்சம் ரூபாய்க்கான செக்குகள் திரும்பின. நோட்டீஸ் போனது. கொடுத்துவிடுகிறேன் என்று எதிர்த்தரப்பு வாக்குக் கொடுத்தது. மறுபடி போட்டார்கள், மறுபடியும் திரும்பின. முதல் நோட்டீஸோடு உன் உரிமை முடிந்தது என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 1998-இன் ஒரு தீர்ப்பு அப்படித்தான் இருந்தது. 2012 செப்டம்பரில் இந்த எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். வாக்குக் கொடுத்து இழுத்தடித்தவருக்கு அந்த இழுத்தடிப்பே கேடயமாகக் கூடாது என்பதுதான் விஷயம்.

3. நோட்டீஸ்

நோட்டீஸில் செக் தொகையை எழுத்துப் பிசகாமல் கேட்க வேண்டும். 2025 செப்டம்பரில் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் செக் 1 கோடிக்கு, நோட்டீஸ் 2 கோடிக்கு. தட்டச்சுப் பிழை என்று மனுதாரர் சொல்லிப் பார்த்தார். தண்டனைச் சட்டத்தில் அதற்கெல்லாம் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டி, வக்கீல் கட்டணம் கேட்கலாம். ஆனால் செக் தொகை தனியாக, தெளிவாக நிற்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள்.

தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் திட்டியதை நோட்டீஸ் என்று காட்ட வேண்டாம். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ரசீதையும் சேர்ப்புச் சான்றையும் உடனுக்குடன் எடுத்து வையுங்கள், பிறகு தேடினால் இணையத்தில் கிடைக்காது. ‘கதவு பூட்டியிருந்தது’, ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பி வந்த உறையைக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. அது உங்கள் சான்று. சரியான முகவரிக்குப் போன தபால் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று 2007-இல் சி.சி. அலவி ஹாஜி வழக்கு சொல்கிறது. நோட்டீஸே வரவில்லை என்று வாதாடுகிறவர், சம்மன் வந்த 15 நாளில் பணத்தைக் கட்டியிருக்கலாமே என்றும் அதே தீர்ப்பு கேட்கிறது.

நோட்டீஸ் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதில் எழுதுங்கள். எழுதாமல் விட்டவர் பிறகு நீதிமன்றத்தில் சொல்கிற கதையை அன்று ஜோடித்த கதையாகவே பார்ப்பார்கள்.

4. கையெழுத்தின் பலம்

சட்டத்தின் 118, 139-ஆம் பிரிவுகள் சொல்வது இது: செக்கில் இருப்பது தன் கையெழுத்துத்தான் என்று எதிராளி ஒப்புக்கொண்டாலோ அது நிரூபணமானாலோ, அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிராளியுடையது. வெண்ணெய்நல்லூர் அவை செய்ததைத்தான் இங்கே நாடாளுமன்றம் எழுதி வைத்திருக்கிறது.

இதன் முழு வீச்சு 2010-இல் ரங்கப்பா வழக்கில் தெரிந்தது. 45,000 ரூபாய்ச் செக். கொடுத்தவர் வங்கிக்குச் சொல்லிப் பணத்தை நிறுத்தினார். செக் தொலைந்துபோனது, யாரோ எடுத்து நிரப்பிக்கொண்டார்கள் என்றார். ஆனால் நோட்டீஸுக்குப் பதில் போடவில்லை. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: அந்த அனுமானத்துக்குள் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்பதும் அடங்கும். அதுவரை, கடன் இருந்ததை நீதான் நிரூபிக்க வேண்டும் என்று கடன் கொடுத்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்த தீர்ப்புகள் அதோடு பின்னுக்குப் போயின.

இதற்கு ஒரு கசப்பான பக்கமும் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அவசரத்துக்கு 20,000 வாங்குகிறவரிடம் இரண்டு செக்கில் வெறும் கையெழுத்து வாங்கிக்கொள்வது சாதாரணம். தொகை, தேதி, பெயர் எதுவும் இருக்காது. ‘சும்மா செக்யூரிட்டிக்குத்தான்’ என்பார்கள். வட்டி கட்டி, அசலும் கட்டி, செக்கைக் கேட்டால் ‘எங்கேயோ வெச்சிருக்கேன், தேடித் தரேன்’ என்பார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே செக் 3 லட்சத்துக்கு நிரம்பி வங்கிக்குப் போகும். வெற்றுச் செக்கைத் தானாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், மற்றவர் நிரப்பினார் என்பதால் மட்டும் அனுமானம் போய்விடாது என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. சட்டமாக அது சரி. ஆனால் கந்துவட்டிக்காரர் கையில் அது என்ன ஆகும் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கந்துவட்டிக் கொடுமையை அந்தச் சட்டத்தின் கீழ்ப் புகாராகப் பதிவு செய்தவருக்கு, செக் வழக்கில் தன் தரப்பைச் சொல்லும்போது அது கை கொடுக்கும். ஊர்ப் பெரியவர் முன்னால் முறையிட்டேன் என்பது மட்டும் போதாது.

என் கருத்தில் இந்த அனுமானம் தேவையானது. அது இல்லாவிட்டால் 1989-க்கு முந்தைய நிலைதான். ஆனால் அதை அசைக்கவே முடியாதது என்று நினைப்பவர்கள், கடன் கொடுத்தவர்கள் பக்கத்திலும் உண்டு, வாங்கியவர்கள் பக்கத்திலும் உண்டு. இரண்டு பேருமே ஏமாறுகிறார்கள்.

5. எதற்காகக் கொடுத்த செக்?

அனுமானத்தை உடைக்க எதிராளி ஐயத்துக்கு இடமில்லாமல் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கூண்டில் ஏற வேண்டும் என்றும் இல்லை. உங்கள் சாட்சியத்திலிருந்தே, குறுக்கு விசாரணையிலிருந்தே, ‘இந்தக் கடன் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு’ என்று காட்டினால் போதும். நிரூபிக்கும் பொறுப்பு அதன் பிறகு உங்கள் பக்கம் திரும்பும்.

பசலிங்கப்பா வழக்கு, 2019. கர்நாடகம். 6 லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன், திருப்பித் தர இந்தச் செக்கைக் கொடுத்தார் என்று புகார். கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டது. எதிராளியின் வக்கீல் ஒரே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்: 6 லட்சம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? புகார்தாரர் பணி ஓய்வு பெற்றவர். ஓய்வூதியப் பலனாக வந்த பணம் வேறு செலவுகளுக்குப் போனது அவர் வாயாலேயே வெளிவந்தது. விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் மறுபடி விடுதலை செய்தது. கொடுக்கும் வசதி இருந்ததா என்று கேள்வி எழுந்த பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கொடுத்தவர்தான்.

நம் ஊரில் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது? கல்யாண மண்டபத்தில் வைத்துக் கொடுத்த பணம், களத்துமேட்டில் வைத்து வாங்கிய பணம். வருமான வரிக் கணக்கில் அது இல்லை. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் கொடுக்கல் வாங்கலை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அப்படிக் கொடுத்த கடனையே செக் வழக்கில் வசூலிக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் ஒருமுறை தீர்ப்பு சொல்லிப் பலரைக் கலங்கடித்தது. 2025 செப்டம்பரில் சஞ்சபிஜ் தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: வரிச் சட்ட மீறலுக்கு அபராதம் உண்டு, ஆனால் கடன் செல்லாததாகிவிடாது. நிம்மதிதான். ஆனால் ரொக்கம் கொடுத்தேன் என்பதை நம்ப வைக்கும் வேலை அப்படியே இருக்கிறது.

நெல் போட்ட விவசாயிக்கு இந்தக் கேள்வி இன்னும் எளிது, காகிதம் இருந்தால். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போட்டவருக்கு ரசீது இருக்கும். வியாபாரியின் லாரியில் ஏற்றியவரிடம் இருப்பது எடைக்காரர் கிழித்துக் கொடுத்த ஒரு துண்டு: மூட்டை எண்ணிக்கை, எடை, கூட்டல், கீழே ஒரு சுழி. பெயர் இல்லை, தேதி இல்லை. அதில் வியாபாரியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இன்ன தேதியில் இன்னாரிடம் இத்தனை மூட்டை, விலை இவ்வளவு, அதற்கு இந்த எண்ணுள்ள செக். அந்த ஒரு வரி இருந்தால் குறுக்கு விசாரணையில் பாதி கேள்வி எழாது. முன்பணத்துக்காகவும் ஜாமீனாகவும் கொடுத்த செக் விஷயத்திலும் இதே சோதனைதான். வங்கியில் போட்ட அன்று உண்மையில் கடன் பாக்கி இருந்ததா என்பதையே நீதிமன்றம் பார்க்கும்.

பாக்கி எவ்வளவு என்பதும் அதில் அடங்கும். 2022-இல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் செக் 20 லட்சத்துக்கு. நடுவில் 4 லட்சத்துக்கு மேல் திரும்பக் கொடுத்தாயிற்று. செக்கை முழுத் தொகைக்கே போட்டார்கள். குற்றமே இல்லை என்று தீர்ப்பு. வாங்கிய தொகையைச் செக்கின் பின்புறம் வரவு எழுதி, மீதிக்குத்தான் போட வேண்டும். 56-ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. பகுதித் தொகை வாங்கியதும் வரவு எழுதுவதை மறக்கிறவர், மீதியையும் சேர்த்து இழக்கிறார். கொடுத்தவர் பக்கமும் இதுவே பாதுகாப்பு: ஜிபே அனுப்பினால் குறிப்பில் ‘செக் எண் இன்னது, பகுதி’ என்று எழுதுங்கள். ரொக்கமானால் ஒரு வரி ரசீது.

6. எந்த ஊர் நீதிமன்றம்?

கோயம்பேட்டு வியாபாரி சென்னை வங்கிச் செக் கொடுத்தார், நீங்கள் இங்கே உங்கள் கணக்கில் போட்டீர்கள். 2014 ஆகஸ்டில் வந்த தசரத் ரூப்சிங் தீர்ப்புப்படி நீங்கள் சென்னைக்குப் போயிருக்க வேண்டும். 2015 திருத்தம் அதைத் தலைகீழாக்கியது. செக்கை வசூலுக்குப் போட்ட உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ, அந்த இடத்து நடுவர் நீதிமன்றம்தான். கணக்கில் போடாமல் கவுண்டரில் நேராகப் பணம் கேட்டிருந்தால் செக் கொடுத்தவரின் கிளை. அதனால் கணக்கில் போடுங்கள். வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்குப் பேருந்து ஏறாமல் தப்புவீர்கள்.

7. பணம் கைக்கு வருவது

எதிராளி சிறைக்குப் போனால் வயிறு குளிரலாம், பணம் வராது. நீதிமன்றங்களே இந்தக் குற்றத்தை ஒரு தனிமனிதக் கடனைத் திருப்பி வாங்கித் தரும் ஏற்பாடாகத்தான் பார்க்கின்றன. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் பணத்தைக் கேளுங்கள்.

2018 செப்டம்பர் முதல், எதிராளி குற்றத்தை மறுத்ததும், செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் நடுவருக்கு இருக்கிறது. கேட்டதும் கிடைத்துவிடாது, வழக்கில் முகாந்திரம் பார்த்து நடுவர் முடிவு செய்வார் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இங்கேயும் ஐந்தாவதாகச் சொன்ன காகிதம்தான் பேசும். தண்டனை பெற்று மேல்முறையீடு போனால், அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம். இழப்பீடு கட்டாததற்காகக் கூடுதல் சிறை அனுபவித்துவிட்டேன், கணக்குத் தீர்ந்தது என்று எதிராளி சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் வசூலிக்கலாம் என்று 2017-இல் குமரன் வழக்கு சொல்கிறது.

உரிமையியல் வழியையும் மறக்காதீர்கள். 3 ஆண்டுக்குள், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளைப்படி சுருக்க வழக்குப் போடலாம். எதிராளி 10 நாளில் ஆஜராக வேண்டும். வாதாட நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். வட்டி விகிதம் எதுவும் பேசியிராவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீதம் என்று செக் சட்டமே சொல்கிறது. நோட்டீஸ் தேதி தவறி, செக்கின் ஆயுளும் முடிந்தவருக்கு இது ஒன்றுதான் வழி. தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு நீதிமன்றக் கட்டணம் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கிரிமினலும் சிவிலும் ஒன்றாக நடத்தலாம், ஒன்றில் வந்த பணம் மற்றதில் கழியும்.

பெரும்பாலான வழக்கு சமாதானத்தில்தான் முடிகிறது. முடியட்டும். சீக்கிரம் முடிப்பவருக்குச் சலுகை உண்டு. 2010-இல் தாமோதர் பிரபு வழக்கில் வகுத்த அளவை 2025-இல் மாற்றியிருக்கிறார்கள். எதிராளி தன் தரப்புச் சாட்சியம் தொடங்கும் முன் சமாதானமானால் கூடுதல் செலவு இல்லை; பிறகு என்றால் செக் தொகையில் 5 சதவீதம்; மேல்முறையீட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் ஏழரை; உச்ச நீதிமன்றத்தில் 10. மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமானால் அந்தத் தீர்வு சிவில் தீர்ப்பாணைக்குச் சமம், கிரிமினல் வழக்கிலிருந்து போனதாக இருந்தாலும். எதிராளி ஏமாற்றினால் நேராக நிறைவேற்று மனு போடலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சமாதானம் என்று எழுதி, அந்தத் தொகைக்கும் ஒரு புதிய செக் வாங்கிக்கொள்கிறார்கள். அதுவும் திரும்புகிறது. சென்னையில் நடந்த ஜிம்பெக்ஸ் வழக்கு இதுதான். பழைய வழக்கையும் நடத்துவேன், புதிய செக்குக்கும் வழக்குப் போடுவேன் என்றார்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒப்பந்தம் எழுதிய பிறகு பழைய வழக்கு அதற்குள் அடங்கிவிட்டது, புதிய செக்கின் மேல்தான் போக முடியும். அதாவது 30 நாள், 15 நாள், ஒரு மாதம் எல்லாம் முதலிலிருந்து. ஆகவே சமாதானத் தொகையை டிராப்டாகவோ கணக்கில் நேரடியாகவோ வாங்குங்கள். தவணையாகக் கேட்டால் மக்கள் நீதிமன்றத் தீர்வாக எழுதி வாங்குங்கள். கடைசித் தவணை கணக்கில் ஏறும் வரை வழக்கைத் திரும்பப் பெறும் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.